இரண்டு மேசை, ஒரே விரிப்பு

நூலகர் பதில்கள்

சென்ற இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் மாவட்டத்தில் நடமாடும் நூலக வண்டியில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான் என்றும், அந்த வண்டியில் அதிகமாகத் தேய்ந்துபோனவை ஆமிஷ் குடும்ப நாவல்கள்தான் என்றும் போகிற போக்கில் சொல்லிவைத்தேன். அதற்கு வந்த கடிதங்களை ரப்பர் வளையம் போட்டுத்தான் கட்ட முடிந்தது. ஆகவே இந்த முறை எல்லாப் பதில்களும் அதைப் பற்றியே. அகராதிகளைப் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஆமிஷ் என்பவர்கள் யார்? குதிரை வண்டியில் போகிறவர்கள் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.
— கல்லூரி மாணவர் ஒருவர்

குதிரை வண்டி கண்ணில் படுகிறது. அதற்குப் பின்னால் இருப்பது ஒரு பழைய தகராறு. 1525-இல் சூரிச் நகரில் சிலர், பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்த வயதில் தானே கேட்டுப் பெறுவதுதான் செல்லும் என்று துணிந்து அப்படியே செய்தார்கள். அதற்காக அவர்களைத் தண்ணீரில் அமிழ்த்தினார்கள், நெருப்பில் எரித்தார்கள். அந்த வழியில் வந்தவர்களுக்குள்ளேயே 1693-இல் ஒரு பிளவு ஏற்பட்டது. சபையிலிருந்து விலக்கப்பட்டவரோடு சேர்ந்து சாப்பிடலாமா, கூடாதா என்பது அதன் முக்கியமான காரணங்களில் ஒன்று. கூடாது என்று கண்டிப்பாக நின்ற யாக்கோப் அம்மானின் பக்கம் போனவர்களே ஆமிஷ். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள். ஐரோப்பாவில் இன்று அவர்களுக்குச் சபை இல்லை. அமெரிக்காவில் 1900-இல் சில ஆயிரம் பேராக இருந்தவர்கள் 2020-இல் மூன்றரை லட்சத்தை நெருங்கியிருந்தார்கள்.

விலகிப் போனவரை என்ன செய்வது என்ற கேள்வியிலேயே பிறந்த சமூகம் அது. அவர்களைப் பற்றிய நாவல்களில் ஆளுக்கு ஆள் வீட்டை விட்டுப் போய்க்கொண்டே இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நான் படித்த நாவலில் ஒரு தாய் தன் மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டு வெளியுலகத்துக்குப் போய்விடுகிறாள். பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பி வருகிறாள். பிள்ளைகளை வளர்த்த பாட்டி வாசலிலேயே “உன்னை மன்னித்துவிட்டோம்” என்கிறாள். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு அவளுக்கு மட்டும் தனி மேசை! இது என்ன மன்னிப்பு? கோபத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.
— ஓய்வுபெற்ற ஆசிரியை

டீச்சர், புத்தகத்தைத் திரும்பத் திறங்கள். அந்தப் பாட்டிமேல் நீங்கள் பட்ட கோபத்தில் பாதியை நாவலாசிரியர் பக்கம் திருப்பிவிடலாம். சொல்ல வேண்டியதை அவர் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

அங்கே இரண்டு தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. ஒன்று, பாட்டிக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே உள்ளது. மற்றது, அந்தப் பெண் சபையின் முன்னால் முழங்காலிட்டுக் கொடுத்த வாக்கு. ஆமிஷ் பிள்ளைகள் பெரும்பாலும் பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயதுக்குள் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அதற்கு முன்னால் ஒருவர் ஊரைவிட்டுப் போனால் பெற்றோர் அழுவார்கள், அவ்வளவுதான், சபையிலிருந்து விலக்குவது கிடையாது. வாக்குக் கொடுத்துவிட்டுப் போனால்தான் விலக்கு. ஞானஸ்நானம் பெறாதவருக்குச் சபையில் திருமணம் நடக்காது என்பதால், மூன்று பிள்ளை பெற்றவள் கட்டாயம் வாக்குக் கொடுத்தவள்தான். அவளோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, அவள் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது, அவள் காரில் ஏறக் கூடாது, அவளோடு வியாபாரம் கூடாது. பேசலாம். நோயில் விழுந்தால் பார்த்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்வது கடமையும்கூட. இதன் கடுமை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். லான்காஸ்டர் கண்டிப்பான பக்கம்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. என் வண்டி வியாழக்கிழமைகளில் நிற்கும் ஒரு முனைக்கு வயதான ஆமிஷ் அம்மாள் ஒருவர் வருவார், காலால் தள்ளி ஓட்டும் இரண்டு சக்கர வண்டியில். (லான்காஸ்டர் ஆமிஷுக்குச் சைக்கிள் ஆகாது, இது ஆகும்.) சபையிலிருந்து விலக்கப்பட்ட அவருடைய மகளும் அதே முனைக்கு அதே நேரத்துக்குக் காரில் வருவாள். தற்செயலாக அல்ல என்பது எனக்கு மூன்றாவது வாரமே புரிந்துவிட்டது. மகள் தான் படித்து முடித்த புத்தகத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் போவாள். நான் அதைத் திரும்பப் பெற்றதாகக் குறித்து, அம்மாளின் அட்டையில் பதிந்து, மறுபடி மேசையில் வைப்பேன். அம்மாள் எடுத்துக்கொள்வார். கைக்குக் கை எதுவும் மாறாது. மகள் படித்த பக்கங்களைத்தான் அம்மாள் அடுத்த வாரம் முழுதும் படிப்பார். அரசாங்கச் சம்பளத்தில் நான் பார்த்த வேலைகளிலேயே உருப்படியானது அதுதான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

சில வீடுகளில் இன்னொன்று செய்வார்கள். இரண்டு மேசைகளை நான்கு விரற்கடை இடைவெளி விட்டுப் போட்டு, மேலே ஒரே துணியை விரித்துவிடுவார்கள். சபைக்கு இரண்டு மேசை, கண்ணுக்கு ஒன்று. உங்கள் நாவலின் பாட்டிக்கு இது தோன்றவில்லை என்றால் அது பாட்டியின் குறை அல்ல.

அடுத்தது, வாசலிலேயே பட்டென்று “மன்னித்துவிட்டோம்” என்றாளே, அது. ஆமிஷ் சபைகளில் திருவிருந்து, அதாவது இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் வழிபாடு, வருடத்துக்கு இரண்டு முறை, வசந்தத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று. அதற்கு இரண்டு வாரம் முன்னால் சபை கூடி ஒவ்வொருவரையும் கேட்கும்: கடவுளோடும் சபையோடும் சமாதானமாக இருக்கிறாயா? யாரிடமாவது தீராத பகை இருந்தால் திருவிருந்தையே தள்ளிவைப்பதும் உண்டு. ஒருத்தியின் மனத்தாங்கல் ஊருக்கே விருந்தை நிறுத்திவிடும்! கணக்குப் போடுங்கள் டீச்சர். பன்னிரண்டு வருடம், இருபத்துநான்கு முறை அந்தப் பாட்டி இந்தக் கேள்விக்கு “ஆம்” என்று சொல்லியிருக்கிறாள். முதல் நான்கைந்து முறை பொய்யாகவே சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். வாசலில் நீங்கள் கேட்டது இருபத்தைந்தாவது முறை. சொல் முதலில் போகிறது, மனம் பின்னால் மூச்சிரைக்க ஓடி வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் ஆமிஷ் நாவலின் நிலம். நல்ல எழுத்தாளர் அங்கே குடியிருப்பார், மற்றவர் அதைத் தாண்டிக் குதித்து நேராகக் கட்டிப்பிடித்து அழும் காட்சிக்குப் போய்விடுவார்.

மேசை ஒன்றாகச் சேர வழி இருக்கிறது. அவள் சபையின் முன்னால் முழங்காலிட்டுத் தவறைச் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் சம்மதம் சொல்ல வேண்டும். பிறகு பிஷப் கைகொடுத்து எழுப்புவார், பிஷப்பின் மனைவி சமாதான முத்தம் கொடுப்பார். அன்றோடு விலக்கு தீர்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை ஒருவரும் எடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கீழே வருகிறது.

கணவன் விட்டுவிட்டுப் போன ஆமிஷ் பெண் ஏன் மறுமணம் செய்துகொள்வதில்லை? நாவல் முடிவதற்குள் அவன் எங்கேயாவது செத்தும் போகிறானே, அது என்ன அவ்வளவு சௌகரியம்?
— நாவல் பைத்தியம் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர்

விவாகரத்தை அவர்கள் ஏற்பதில்லை. கணவன் உயிரோடு இருக்கும்வரை, அவன் எந்த ஊரில் எவளோடு இருந்தாலும், இவள் மணமானவள். ஆகவே நாவலாசிரியர் கையில் இருப்பது ஒரே கத்தரிக்கோல். வண்டிமேல் லாரி மோதும், களஞ்சியத்தில் இடி விழும், வைக்கோல் பரணிலிருந்து தவறி விழுவான். பக்கத்துப் பண்ணையில் மனைவியை இழந்த நல்லவர் ஒருவர் இரண்டாம் அத்தியாயத்திலிருந்தே வேலி செப்பனிட்டுக்கொண்டு காத்திருப்பார். நானும் சிரித்துக்கொண்டேதான் படிப்பேன், ஆனால் படிப்பேன்.

நிஜத்தில் அந்தப் பெண்ணின் நிலைமை சிரிக்கும்படி இல்லை. பசி வராது. அண்ணன் தம்பிகள் உழுது கொடுப்பார்கள், வீட்டுக் கூரையை ஊர் கூடி மாற்றும். ஆனால் கணவனை இழந்தவள் ஒரு வருடம் கறுப்பு உடுத்துவாள், பார்க்கிறவர்களுக்குப் புரியும். விடப்பட்டவளுக்கு அப்படி ஓர் உடை இல்லை. நம் மொழியில் இவளைக் குறிக்க ஒரு கொடிய சொல் இருக்கிறது, எழுத மனம் வரவில்லை. கணவனைக் கொன்றுவிடாமல் கடைசிப் பக்கம்வரை உயிரோடு வைத்திருக்கும் ஆமிஷ் நாவல் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சுட்டவனை ஆமிஷ் மக்கள் அன்றே மன்னித்தார்கள் என்று படித்தேன். இது நடந்ததா, இதுவும் நாவலா?
— வங்கி ஊழியர் ஒருவர்

நடந்தது. 2006 அக்டோபர் 2, திங்கட்கிழமை, லான்காஸ்டர் மாவட்டத்தின் நிக்கல் மைன்ஸில் ஓர் அறைப் பள்ளி. அந்தப் பகுதிப் பண்ணைகளில் பால் எடுத்துப்போகும் லாரி ஓட்டியவன், ஆமிஷ் அல்லாதவன், பத்துச் சிறுமிகளைச் சுட்டுவிட்டுத் தானும் செத்தான். ஐந்து பேர் இறந்தார்கள். மூத்தவளுக்கு வயது பதின்மூன்று. ஹெலிகாப்டர்களின் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அன்று மாலையே ஆமிஷ் ஆண்கள் சிலர் அவனுடைய மனைவியைத் தேடிப் போனார்கள். அந்த வாரக் கடைசியில் அவனைப் புதைத்தபோது கூடியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆமிஷ். தங்கள் மகளை அப்போதுதான் புதைத்துவிட்டு வந்த பெற்றோரும் அவர்களில் இருந்தார்கள். உலகெங்கிலுமிருந்து வந்த உதவிப் பணத்தில் ஒரு பங்கு அந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போயிற்று. பத்தே நாளில் பள்ளியை இடித்துப் புல்வெளியாக்கினார்கள். 2007 ஏப்ரலில் வேறு இடத்தில் புதிய பள்ளி திறந்தது. கொலைகாரனின் தாய், மிக மோசமாகக் காயம்பட்டுப் பிழைத்த சிறுமியைப் பல ஆண்டுகள் வாரந்தோறும் போய்ப் பார்த்து, அவளுக்குக் கதை படித்துக் காட்டினார். நாவலில் இதை எழுதியிருந்தால் மிகை என்று நானே குறை சொல்லியிருப்பேன்.

அவர்களால் எப்படி மன்னிக்க முடிந்தது என்பதற்குக் காரணம் தெரிந்ததுதான். “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்ற வரியை அவர்கள் பேரம் இல்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள்: நீ மன்னிக்காவிட்டால் உனக்கும் கிடையாது. பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையும் அப்படி. 1569-இல் ஹாலந்தில் டிர்க் வில்லெம்ஸ் என்பவர் சிறையிலிருந்து தப்பி, உறைந்த குளத்தின்மேல் ஓடுகிறார். துரத்தி வந்தவன் பனி உடைந்து உள்ளே விழுகிறான். இவர் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிடுகிறார். பிடிபட்டு எரிக்கப்படுகிறார். கதை அவ்வளவுதான், இவரைக் காப்பாற்ற யாரும் வரவில்லை. 1685-இல் பொறித்த அந்தப் படம், குனிந்து நீட்டிய இரண்டு கைகள், பல ஆமிஷ் வீடுகளில் உள்ள தியாகிகள் வரலாற்று நூலில் இருக்கிறது.

ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெற்றோர்கள் அழாமல் இல்லை. மனநல ஆலோசகர்களிடம் போனார்கள். ஒரு முறை மன்னித்தால் தீர்ந்துவிடவில்லை, ஒவ்வொரு நாளும் மறுபடி செய்ய வேண்டியிருந்தது என்று பின்னாளில் சொன்னார்கள். செய்தித்தாள்கள் முதல் நாளை மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டன.

எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அப்பா எங்களை விட்டுப் போனார். இப்போது வயதாகித் தளர்ந்து திரும்பி வர விரும்புகிறார். என் தோழி இரண்டு ஆமிஷ் நாவல்களைக் கொடுத்து “படி, மனம் மாறும்” என்றாள். மாறவில்லை, எரிச்சல்தான் வந்தது. என்னிடம் ஏதாவது குறையா?
— பெயர் வேண்டாம்

இல்லை அம்மா. தோழி நல்லவள், ஆனால் நாவலை மருந்துக்கடைச் சரக்காக நினைத்துவிட்டாள்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சபையில் திரும்பி வருகிறவர் எல்லோர் கண் முன்னாலும் மண்டியிட்டு, செய்ததை வாயால் சொல்ல வேண்டும். மலிவான நாவல்களில் அந்தப் பகுதி மழையில் நனையும் இரண்டு வரியாகச் சுருங்கிவிடும். விட்டுப்போனவருக்கு ஒரு துளிக் கண்ணீர், விடப்பட்டவருக்கு முந்நூறு பக்கம் உபதேசம். உங்கள் எரிச்சல் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது. அப்பா உங்களிடம் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்று ஊகிக்கிறேன்.

இரண்டாவது, நான் மேலே சொன்ன மனக்குறை. “மன்னித்தாயிற்று, இனி அந்தப் பேச்சை எடுக்காதே” என்ற விதி, பிள்ளைகளிடம் அத்துமீறிய ஆண்களுக்கு நிழலாகவும் நின்றிருக்கிறது. அவன் சபையில் மண்டியிட்டான், சில வாரம் விலக்கு, பிறகு எல்லாம் தீர்ந்தது. வாயைத் திறந்தால் மன்னிக்காத பாவம் அந்தப் பெண்ணின் தலையில். இதை அனுபவித்த ஆமிஷ் பெண்களே வெளியே வந்து பேசியிருக்கிறார்கள், வழக்குகளும் நடந்திருக்கின்றன. நாவல்களின் மெத்தென்ற அட்டைக்குள் இது வருவது மிகக் குறைவு. ஆகவே மன்னிக்கச் சொல்லி நான் யாருக்கும் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை.

நான் நடுநிலையானவளும் அல்ல. என் அண்ணன் 1984-இல் வீட்டை விட்டுப் போனான். இதுவரை ஒரு வரி இல்லை. வியாழக்கிழமை அம்மாளிடம் ஒரு முறை, மகள் காரில் ஏறிப் போன பிறகு, நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்: மன்னித்துவிட்டீர்களா? அவர் புத்தகத்தைக் கூடையில் வைத்துத் துணியால் மூடினார். “மன்னித்துவிட்டேன். வியாழக்கிழமைகளில் கொஞ்சம் கஷ்டம்” என்றார்.

அப்பாவைப் பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் விருப்பம். பார்ப்பதானால், நான்கு விரற்கடை இடைவெளி விட்டு ஒரு மேசை போடவும் செய்யலாம். முழுக் குடும்பமும் ஒரே இரவில் ஒட்டிக்கொண்டாக வேண்டும் என்பது நாவலுக்கு உள்ள அவசரம், பக்கம் தீர்ந்துவிடுமே என்று.

ஆமிஷ் மக்களே இந்த நாவல்களைப் படிக்கிறார்களா?
— சுருக்கமாகப் பதில் கேட்டவர்

படிக்கிறார்கள், சிலர் மறைத்து. பிஷப்புகள் பலருக்கு உவப்பில்லை. 1997-இல் வந்த ஒரு நாவல் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற பிறகு கிளம்பிய அலை இது. எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஆமிஷ் அல்ல, சுவிசேஷ சபைகளைச் சேர்ந்தவர்கள், தனக்கு மீட்பு கிடைத்துவிட்டது என்று ஒருவர் உறுதியாகச் சொல்லலாம் என்று நம்புகிறவர்கள். அதனால் கதாநாயகி கடைசியில் “நான் இரட்சிக்கப்பட்டேன்” என்று உறுதியாகச் சொல்லுவாள். அசல் ஆமிஷ் பெண் அப்படிச் சொன்னால் அகந்தை என்பார்கள், நம்பிக்கையோடு காத்திருப்பதாகத்தான் சொல்ல வேண்டும். என் வண்டிக்குத் திரும்பி வந்த பிரதிகளில் பென்சில் குறிப்புகள் இருக்கும். ஒன்றில் மூன்று பக்கத்துக்கு ஒரு முறை: “குதிரையை இப்படிப் பூட்ட முடியாது.” நூலக விதிப்படி நான் அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை.

நானே ஆமிஷ் குடும்பத்தை வைத்து ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். பிழைகளைச் சொல்லவும். பாராட்டையும் மறைக்க வேண்டாம்.
— எழுத்தாளர் ஆகப்போகிறவர்

தேவாலயக் கோபுர மணியை எடுத்துவிடுங்கள், அவர்களுக்குத் தேவாலயக் கட்டடமே இல்லை. ஒரு வாரம் விட்டு ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். பெஞ்சுகள் தனி வண்டியில் வந்து இறங்கும். கதாநாயகனின் மீசையை மழித்துவிடுங்கள், தாடி போதும், அதுவும் திருமணத்துக்குப் பிறகு. லான்காஸ்டரில் வண்டி கறுப்பு அல்ல, சாம்பல் நிறம். மணப்பெண்ணுக்கு வெள்ளை கவுன் வேண்டாம். திருமணம் அறுவடை முடிந்து, பெரும்பாலும் செவ்வாய் அல்லது வியாழன். யார் வீட்டுத் தோட்டத்தில் செலரி (கல்யாண விருந்துக்கு வேண்டிய கீரைத்தண்டு) அளவுக்கு மீறி நட்டிருக்கிறதோ அந்த வீட்டில் கல்யாணம் என்று ஊர் ஊகித்துவிடும். அதை நீங்கள் விட்டுவிட்டீர்களே!

பெரிய பிழை, தாய் எழுதிவைத்துவிட்டுப் போகும் கடிதம். அவர்களுடைய வீட்டுமொழியான பென்சில்வேனியா ஜெர்மன் பேசுவதற்கு. பைபிளுக்கும் பாட்டுக்கும் பழைய எழுத்து ஜெர்மன். கடிதம் என்றால் பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஆகவே உங்கள் கதையில் அந்தத் தாய், தன் பிள்ளைகளை எந்த மொழியில் தாலாட்டினாளோ அதில் விடைபெறவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகே ஆங்கிலம் கற்கத் தொடங்கிய எட்டு வயது மூத்தவள், அதை எழுத்துக்கூட்டித் தம்பிகளுக்கு மொழிபெயர்க்கிறாள். எல்லா வாக்கியத்தையும் சொல்கிறாளா, ஒன்றை விட்டுவிடுகிறாளா? அங்கிருந்து கதையைத் திரும்ப எழுதுங்கள். பாராட்டு: கையெழுத்து அழகு.

இந்த நாவல்களின் அட்டையில் எப்போதும் ஒரு பெண் வயலில் நின்று தூரத்தைப் பார்க்கிறாளே, அப்படி எதைப் பார்க்கிறாள்?
— பள்ளி மாணவி

புகைப்படக்காரரின் உதவியாளரை. அந்தப் பெண் ஆமிஷ் இல்லை கண்ணே, ஆமிஷ் பெண்கள் படத்துக்கு நிற்க மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் புருவத்தைப் பார், திருத்தியிருக்கும். உதட்டிலும் லேசாகச் சாயம் இருக்கும். எங்கள் வண்டியில் இருந்த ஒரு நாவலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள், குண்டூசி குத்தியிருக்க வேண்டிய உடையில் கழுத்துவரைக்கும் ஜிப். வியாழக்கிழமை அம்மாள் அதை மட்டும் மூன்று முறை எடுத்துப் போனார்.